சத்தத்தைக் கூட்டாதீங்க, வசனத்தைப் பிரிச்சுக் கொடுங்க

மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. ஒரு டாக்டர் எதுக்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு பத்தி எழுதணும்னு கேப்பீங்க. முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. விளம்பரம் கிடையாது. எந்தக் கம்பெனியும் காசு தரலை, வாங்குற லிங்க்கும் போடப்போறதில்லை.

உங்க வீட்டுல இது நடக்குதான்னு முதல்ல பாருங்க.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் சேர்ந்து லேப்டாப்ல ஒரு படம் போடுறீங்க. வசனம் வருது. வீட்டுப் பெரியவர் "என்ன சொன்னான்?"னு கேக்குறார். சத்தத்தைக் கூட்டுறீங்க. அடுத்த நிமிஷமே சண்டைக் காட்சி. ஜன்னல் அதிருது, குழந்தை காதைப் பொத்திக்குது. குறைக்கிறீங்க. மறுபடியும் "என்ன சொன்னான்?" மூணாவது தடவை கேக்கும்போது யாரோ ஒருத்தர் "உஷ்ஷ்"னு சொல்றாங்க. நாலாவது தடவை அவர் கேக்குறதில்லை. அரை மணி நேரத்துல "தூக்கம் வருது"ன்னு எழுந்து போயிடுறார்.

எங்க வீட்டுல அப்படி எழுந்து போனவர் எங்க அப்பா. "உஷ்ஷ்" சொன்னது நான்.

அவருக்கு பிபி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். காது பத்தி மட்டும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் யோசிக்கவே இல்லை. ஒருநாள் கேட்டப்போ, "எனக்குக் காது நல்லாத்தாம்மா இருக்கு. இப்ப வர்ற படத்துல ஒருத்தனும் வாயைத் திறந்து பேசமாட்டேங்கிறான்"னார். சிரிச்சுட்டேன். பிறகு ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தா, ரெண்டு காதுலயும் உயர் அதிர்வெண்கள் நல்லாவே இறங்கியிருந்தது. வயசானா வர்ற கேட்புக் குறைவு.

ஆனா அப்பா சொன்னதும் பாதி சரி. அந்தப் பாதியைத்தான் இங்க எழுதப்போறேன்.

முதல்ல காது. நம்ம உள்காதுல ஒலியை உணர்ற மயிர்செல்கள் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15,000 இருக்கு. போனா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. வயசாகும்போது முதல்ல அடிவாங்குறது உயர்ந்த சுருதிக்கான செல்கள். ஆ, ஓ மாதிரி உயிரொலிகளோட பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கு, அது நல்லாக் கேக்கும். ச, ஸ, ஷ மாதிரி ஒலிகள், க-ட-த-ப இதுங்களோட அந்தச் சின்ன வெடிப்பு, இதையெல்லாம் அடையாளம் காட்டுற பகுதி அதுக்கு மேலே இருக்கு. கடை, படை, தடை, சடை. இந்த நாலையும் சொல்லிப் பாருங்க. முதல் எழுத்து நழுவினா நாலும் ஒண்ணுதான். அதனாலதான் "பேசுறது கேக்குது, ஆனா புரியலை"ன்னு பெரியவங்க சொல்றாங்க. அது சாக்கு கிடையாது, அவங்க நிலைமையை அதைவிடத் துல்லியமா என்னாலயும் சொல்ல முடியாது.

சரி, சத்தத்தைக் கூட்டினா? அங்கதான் சிக்கல். உள்காது பாதிச்சவங்களுக்கு மெல்லிய ஒலி கேக்காது, ஆனா பெரிய ஒலி நமக்குக் கேக்குற அளவுக்கே பெருசாக் கேக்கும். நடுவுல இருக்கற இடைவெளி சுருங்கிப்போச்சு. "கொஞ்சம் சத்தமாப் பேசு"ன்னு சொன்ன அதே பாட்டி, நீங்க சத்தமாப் பேசினதும் "ஏன்டா கத்துற?"னு கேப்பாங்க இல்லையா, அது இதுதான். முரண்டு பிடிக்கறதா நினைச்சுக் கோவப்படாதீங்க.

இப்ப படத்துக்கு வாங்க.

இப்ப வர்ற படங்களோட ஒலி தியேட்டருக்காகக் குறைஞ்சது ஆறு தடத்துல பிரிச்சுக் கலக்கப்படுது. முன்னாடி இடது, வலது, நடு. பின்னாடி இடது, வலது. அப்புறம் தடதடக்குற அடித்தொனிக்குத் தனியா ஒண்ணு. 5.1னு சொல்றது இதைத்தான். இதுல வசனம் பெரும்பாலும் நடுத் தடத்துலதான் வரும். தியேட்டர்ல திரைக்குப் பின்னாடி நட்டநடுவுல ஒரு ஸ்பீக்கர் இருக்கும், ஓரச் சீட்டுல உட்கார்ந்தாலும் குரல் திரையில இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

உங்க லேப்டாப்ல என்ன நடக்குது? ஹெட்போன் ஜாக் ஒண்ணே ஒண்ணு. அதுல ரெண்டு தடம்தான் வெளியே வரும். அதனால கணினி அந்த ஆறையும் நசுக்கி ரெண்டாக்குது. நடுவுல தனியா இருந்த வசனத்தை இடத்துலயும் வலத்துலயும் ஊத்தி, அதே இடத்துல மழை, பாட்டு, பின்னணி இசை, பின்னாடி போற லாரி எல்லாத்தையும் கலந்து கொடுக்குது. சாம்பார், ரசம், மோர் எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல ஊத்திக் கொடுத்துட்டு, ரசத்தை மட்டும் குடின்னு சொல்ற கதை.

இன்னொரு நுட்பமான விஷயமும் இருக்கு. குரல் ரெண்டு ஸ்பீக்கர்ல சமமா வரும்போது நடுவுல இருந்து வர்ற மாதிரி ஒரு பிரமை. ஆனா இடது ஸ்பீக்கரோட ஒலி உங்க வலது காதுக்கும் போகும். தலையைச் சுத்தி வர்றதால ஒரு விநாடில நாலாயிரத்துல ஒரு பங்கு மாதிரி தாமதமா வரும். வலது ஸ்பீக்கருக்கும் அதே கதை. இந்தத் தாமதத்தால 2000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ரெண்டும் மோதி ஒண்ணையொண்ணு கொஞ்சம் அழிச்சுக்குது. மெய்யொலி புரியறதுக்கு முக்கியமான இடம் அது. இளவயசுக் காது அதைச் சமாளிச்சுடும். ஏற்கெனவே கையிருப்பு குறைஞ்ச காதுக்கு அதுவும் இழப்பு. உண்மையான நடு ஸ்பீக்கர் ஒண்ணு இருந்தா இந்த மோதலே கிடையாது.

அதோட வூஃபர். பலமான அடித்தொனி அதுக்கு மேல இருக்கற சுருதிகளை மறைக்கும், இது காதோட இயல்பு. "பேஸ் நல்லா இருக்கணும்"னு வூஃபரைத் திருகி வச்சுட்டு, வசனம் புரியலைன்னு புலம்புற வீடுகள் ஏராளம். எங்க வீடும் அதுல ஒண்ணு.

இப்ப என் கட்சியைச் சொல்றேன். வீட்டுல 60 தாண்டினவங்க இருந்து, பரண்லயோ டிவி பக்கத்துலயோ ஒரு பழைய 5.1 ஸ்பீக்கர் செட் கிடந்தா, அதுக்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குறது ஆடம்பரம் கிடையாது. மூக்குக் கண்ணாடிக்கு ஃப்ரேம் வாங்குற மாதிரியான செலவுதான்.

நம்ம ஊர்ல 5.1 செட் வாங்கினவங்க நிறையப் பேர். ஆனா பல வீட்டுல அதை ஒரே ஒரு ஆக்ஸ் வயர்ல லேப்டாப்போட மாட்டியிருக்காங்க. அஞ்சு ஸ்பீக்கரும் ஒரே பாட்டையே பாடும். சுத்திலும் சத்தம் வரும், அவ்வளவுதான். அந்த செட்டோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஆறு ஏவி பின் சொருகுற இடமோ, மூணு சின்ன ஜாக்கோ இருந்தா அது நிஜமாவே ஆறு தடத்தை வாங்கத் தயாரா இருக்கு. கொடுக்கத்தான் ஆள் இல்லை. (டெஸ்க்டாப் வச்சிருக்கவங்க செலவு பண்றதுக்கு முன்னாடி கணினியோட பின்பக்கத்தைப் பாருங்க. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஜாக் இருந்தா உங்களுக்குக் கார்டே வேண்டாம்.)

யுஎஸ்பி சவுண்ட் கார்டுங்கறது ஒரு சின்னப் பெட்டி. கணினில இருந்து எண்களா வர்ற ஒலியை வாங்கி, ஆறு தனித்தனி மின்சைகையா மாத்தி, மூணு ஜாக்ல கொடுக்கும். ஒரு ஜாக்ல ரெண்டு தடம், மூணு ஜாக்னா ஆறு. பச்சை முன் ஸ்பீக்கர், கறுப்பு பின் ஸ்பீக்கர், ஆரஞ்சு நடுவும் வூஃபரும். மாத்துற வேலை லேப்டாப்புக்கு வெளியே நடக்குறதால உள்ள இருக்கற மின்சுற்றோட கரகரப்பும் பெரும்பாலும் குறையும்.

கடையில ஏமாறாம இருக்க ஒரே ஒரு விதி: ஓட்டையை எண்ணுங்க. விரல் நீளத்துல ஒரு குச்சி, அட்டையில பெருசா "7.1 சேனல்"னு போட்டிருப்பாங்க. பார்த்தா ஹெட்போனுக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணு, ரெண்டே ஓட்டை. ஹெட்போன் ஓட்டையில ரெண்டு தடம்தான் வரும். 7.1ங்கறது மென்பொருள் பண்ற ஜாலம். அது நமக்கு உதவாது. ஆப்டிகல் வயர் மட்டும் கொடுக்குற பெட்டியும் பழைய ஸ்பீக்கருக்கு ஆகாது, அதைப் பிரிச்சுக் கொடுக்க இன்னொரு பெட்டி வேணும்.

இன்னொரு காசு மிச்சம். "யுஎஸ்பி 3.0, அதிவேகம்"னு சொன்னா மயங்காதீங்க. விநாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொண்ணும் 16 பிட், ஆறு தடம். பெருக்கிப் பாருங்க, விநாடிக்கு 46 லட்சம் பிட்தான். ரொம்பப் பழைய யுஎஸ்பி 1.1 கூட விநாடிக்கு 120 லட்சம் பிட் தாங்கும். நான் வாங்கினது 2000 ரூபாய்க்குள்ள ஒரு சாதாரணப் பெட்டி. சவுண்ட் பிளாஸ்டர் மாதிரி பேர் பெற்ற கார்டுகளும் இருக்கு, விலை அதிகம், ஒலியும் இன்னும் சுத்தமா இருக்கும். ஆனா வசனம் புரியணும்ங்கற நோக்கத்துக்கு அந்த வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை.

மாட்டினதும் எல்லாரும் விடுற தப்பு, விண்டோஸ்ல சொல்லாம விடுறது. சவுண்ட் கண்ட்ரோல் பேனல்ல புதுக் கார்டைத் தேர்ந்தெடுத்து, "கன்ஃபிகர்" போய் 5.1 வைக்கணும். அங்கேயே டெஸ்ட் இருக்கு, ஒவ்வொரு ஸ்பீக்கரா ஒலிக்கும். நான் டெஸ்ட் பண்ணினப்போ நடு ஸ்பீக்கர் ஊமையா இருந்துச்சு, படம் போட்டா வசனம் வூஃபர்ல இருந்து வந்துச்சு. ஹீரோயின் கட்டிலுக்கு அடியில இருந்து பேசுற மாதிரி. அம்மா பயந்தே போயிட்டாங்க. ஒண்ணுமில்லை, ஆரஞ்சு வயரோட சிவப்பு, வெள்ளை ரெண்டு பின்னும் இடம் மாறியிருந்தது. மாத்திச் சொருகினதும் சரியாச்சு.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அதே இடத்துல "லெவல்ஸ்" பக்கத்துல "பேலன்ஸ்"னு ஒரு பட்டன். அதை அமுக்கினா ஒவ்வொரு தடத்துக்கும் தனி அளவு வரும். நடுவை 100லயே விட்டுட்டு மத்ததை எல்லாம் இறக்குங்க. எவ்வளவுன்னு நான் சொல்லமாட்டேன். கேக்கவேண்டியவரைப் பக்கத்துல உட்காரவச்சு, அவர் சொல்ற வரைக்கும் இறக்குங்க. வூஃபரைப் பாதிக்கும் கீழே வைங்க. பேரன் முறைப்பான், பரவாயில்லை.

நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழேயோ மேலேயோ இருக்கணும், முகம் உட்கார்ந்திருக்கறவங்க காதைப் பார்க்கணும். தரையில வச்சா சோபாவோட காலுக்குத்தான் வசனம் போகும். பின் ஸ்பீக்கர் ரெண்டையும் பக்கவாட்டுல இருந்து கொஞ்சம் பின்னாடி தள்ளி வைக்கறதுதான் முறை. ஆனா நம்ம ஹால்ல அங்க கதவு இருக்கும், ஃப்ரிட்ஜ் இருக்கும். முடியலைன்னா விட்டுடுங்க. அப்படி விட்டா கன்ஃபிகர் பண்ணும்போது பின் ஸ்பீக்கருக்கான டிக்கை எடுத்துடுங்க, இல்லாட்டி அந்தத் தடத்துல வர்றது காணாமப் போகும். சினிமா பைத்தியங்கள் என்னைத் திட்டலாம், எனக்கு இதுல வேண்டியது அந்த ஒரு நடு ஸ்பீக்கர்தான்.

இது எங்க உதவாதுன்னும் சொல்லிடறேன். படத்தோட ஒலியே 5.1ல இருக்கணும். யூடியூப்ல பெரும்பாலும் ரெண்டு தடம்தான். பிரௌசர்ல ஓடுற பல படங்களும் அப்படியே. அப்போ நடு ஸ்பீக்கர் சும்மா இருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரே தடம். ஆனா அதுல பிரச்சினையே இல்லை, 1952ல வந்த பராசக்தி வசனம் அப்பாவுக்கு இன்னைக்கும் லேப்டாப் ஸ்பீக்கர்லயே தெளிவாக் கேக்குது. அப்பல்லாம் ஒரே தடத்துல வசனத்துக்குத்தான் முதல் மரியாதை. "வாயைத் திறந்து பேசமாட்டேங்கிறான்"னு அவர் சொன்னது பாதி சரின்னு சொன்னேனே, இதுதான். தியேட்டர் அமைதியில கேக்கறதுக்காகக் கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் வச்சுக் கலக்குறாங்க. மின்விசிறி ஓடுற ஹால்ல அந்தக் கிசுகிசுப்பு முழுகிடும். விஎல்சில எஃபெக்ட்ஸ் பக்கத்துல கம்ப்ரஸர்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணினா இந்த வித்தியாசம் சுருங்கும். இது இலவசம்.

செய்தி சேனல் விவாதத்துக்கு எந்தக் கார்டும் உதவாது. ஆறு பேரும் ஒரே தடத்துல கத்துறாங்க. ஒலி வர்ற திசையை வச்சுத்தான் மூளை ஒரு குரலைக் கூட்டத்துல இருந்து பிரிக்குது. 1953லயே காலின் செர்ரிங்கற ஆய்வாளர் இதைப் பத்தி விரிவா எழுதிட்டார். வயசாக ஆக அந்தப் பிரிக்கும் திறன் குறையும். கல்யாண வீட்டுல தாத்தா சும்மா சிரிச்சுத் தலையாட்டுறது அதனாலதான். நடு ஸ்பீக்கர் பண்ற வேலையும் இதுதான், குரலுக்கு ஒரு திசை, மத்ததுக்கு வேற திசை.

"எதுக்கு இவ்வளவு, ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துடலாமே?"ன்னு கேப்பீங்க. கேக்கலாம். ஆனா ஹெட்போன் போட்டவர் வீட்டோட உட்கார்ந்திருந்தாலும் தனியாத்தான் இருக்கார். அப்புறம் அளவு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபல்னா வாரத்துக்கே 4 மணி நேரம், 100ன்னா வெறும் 20 நிமிஷம். கேக்கலைன்னு சத்தத்தை ஏத்திட்டே போறவர் காதுல ஹெட்போனைக் கொடுத்தா இருக்கறதும் போகும். ராத்திரி முழுக்க கேம் ஆடுற பசங்களுக்கும் இதே கணக்குதான், அது தனி இழையா எழுதறேன்.

"சப்டைட்டில்?" தாராளமா. ஆனா தமிழ்ப் படத்துக்குத் தமிழ்ல சப்டைட்டில் எத்தனை இடத்துல கிடைக்குது சொல்லுங்க.

"ஹியரிங் எய்டு?" ஆமா, அதான் முதல்ல. இதைத் தெளிவா எழுதிக்கறேன், சவுண்ட் கார்டு காது மெஷினுக்கு மாற்று கிடையாது. "என்ன சொன்ன?"னு அடிக்கடி கேக்குற யாரையும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட ஒருதடவை கூட்டிட்டுப் போங்க. சில சமயம் காதுல அடைச்ச அழுக்கா இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. ஆடியோகிராம் வலிக்காது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் எடுக்கறாங்க. ஒரு காது மட்டும் திடீர்னு ஒரே நாள்ல கேக்காமப் போனா அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க. மருந்து முதல் சில நாளைக்குள்ளதான் நல்லா வேலை செய்யும்.

லான்செட் ஆணையம் 2024ல மறதிநோய்க்கான, நம்மால மாத்தக்கூடிய 14 காரணிகளைப் பட்டியல் போட்டப்போ கேட்புக் குறைவும் அதுல இருந்தது. சவுண்ட் கார்டு வாங்கினா மறதி வராதுன்னு நாளைக்கு யாரும் ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, நான் அப்படிச் சொல்லலை. கேக்காதவர் பேச்சைக் குறைப்பார், அப்புறம் கூட்டத்தைக் குறைப்பார். அதை நான் ஓபில தினமும் பாக்குறேன், எங்க வீட்டுலயும் பார்த்தேன்.

அப்பாவுக்கு இப்ப ரெண்டு காதுலயும் மெஷின் இருக்கு. மெஷின் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அந்த நடு ஸ்பீக்கர்தான் ஓட்டுச்சு, இப்பவும் ரெண்டும் சேர்ந்துதான் ஓடுது. பாதிப் படத்துல எழுந்து போறதை அவர் நிறுத்தலை. போன வாரம்கூடப் போனார். "கதையே இல்லைம்மா, எல்லாம் தெளிவாக் கேட்டதால சொல்றேன்"னார்.

உங்க ஸ்பீக்கருக்கு ஒத்துவருமான்னு சந்தேகம் இருந்தா பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கீழே போடுங்க. ஓபி முடிஞ்சதும் பார்த்துச் சொல்றேன்.